203 ரூபா என்னும் வாக்குறுதி

(கமக்காரரும் உத்தியோகத்தரும் வணிகரும் கூடியிருந்த சபையொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்.)

நாணயமாற்று வீதம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது பொருளியற் பேராசிரியர் ஒருவர் பேசவேண்டிய விடயமாயிற்றே, வழக்குரைப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மனிதர் ஒரு கட்டுக் கடதாசிகளோடு என் அலுவலகப் படியேறும் வரையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

அவர் நீர் இறைக்கும் இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்பவர். பெரிய முதலாளியல்லர், ஆனால் சொன்ன சொல் தவறாதவர். 2021 டிசெம்பரில் 20,000 டொலர் பெறுமதியான இயந்திரங்களுக்குக் கட்டளை கொடுத்தார். ஜனவரியில் சரக்குக் கப்பலேறியது. பணத்தை 120 நாட்களின் பின்னர் வங்கி வழியாகச் செலுத்துவதென்பது உடன்பாடு. டொலர் ஒன்றின் விலை 203 ரூபாவைத் தாண்டாது என்று மத்திய வங்கி பிடித்துவைத்திருந்த காலம் அது. அவர் கணக்குப் பார்த்தார். 40 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா வந்தது. அதன்மேல் தீர்வை, கூலி, தமது சிறு இலாபம் ஆகியவற்றைக் கூட்டி விலை குறித்து, இயந்திரங்களைக் கமக்காரருக்குத் தவணை முறையிற் கொடுத்துவிட்டார். தவணைப் பணம் ரூபாவிற் குறிக்கப்பட்டது, அதில் மாற்றமில்லை. கடன் தீர்க்கவேண்டிய நாள் வந்தபோது வங்கி கேட்ட விலை டொலர் ஒன்றுக்கு 360 ரூபா. அதாவது 72 இலட்சம். இடையிலுள்ள 31 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவை அவர் உண்டதுமில்லை, உடுத்ததுமில்லை. ஆயினும் அது அவருடைய கடனாகிவிட்டது.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. “தம்பி, 203 எண்டு நானே சொன்னனான்? அரசாங்கமெல்லோ சொன்னது. அதை நம்பினது என்ரை பிழையோ?”

சட்டம் படித்தவன் என்ற முறையில் அவருக்கு நான் கொடுக்கக்கூடியதாயிருந்த விடை ஒன்றுதான். வங்கிக்கு எதிராக உங்களுக்கு வழக்கில்லை. இயந்திரம் அனுப்பியவனுக்கு எதிராகவும் வழக்கில்லை. 20,000 டொலர் தருவதாகக் கையொப்பமிட்டவர் 20,000 டொலர் தரவே வேண்டும். அந்த டொலரை எத்தனை ரூபாவுக்கு வாங்குகிறார் என்பது அவர் பாடு. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1951இல், செய்திப்படங்களை வாடகைக்கு விடும் பிரிட்டிஷ் மூவிரோன் நிறுவனத்தின் வழக்கிலே இதனை ஐயந்திரிபறக் கூறியது. விலைகள் என்றுமில்லாதவாறு ஏறினாலும் வீழ்ந்தாலும், நாணயத்தின் பெறுமதி திடீரெனச் சரிந்தாலும், அக்காரணம் ஒன்றினால் மட்டும் ஒப்பந்தம் குலைந்துவிடாது என்பது அங்கே சைமன் பிரபு தெரிவித்த கருத்து. கடுமையான விதிதான். ஆனால் நியாயமற்ற விதி என்று நான் சொல்லமாட்டேன். இயந்திரம் அனுப்பியவன் எமது ரூபாவுக்கு எந்தத் தீங்கும் செய்தவனல்லன்.

இன்னொரு வழக்கையும் இங்கே கூறவேண்டும். ஏனெனில் நாணயத்தின் ஆபத்து யார் தலையில் விழும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை. சுவிற்சர்லாந்து தேசத்து வணிகரான மிலியாங்கோஸ் என்பவர் ஆங்கில நெசவுக் கம்பனியொன்றுக்குச் செயற்கை நூல் விற்றார். விலை சுவிஸ் பிராங்கில் குறிக்கப்பட்டது. பணம் வரவில்லை. இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஸ்ரேலிங் பவுணில் மட்டுமே தீர்ப்பளிக்கும், அதுவும் பணம் கொடுத்திருக்கவேண்டிய நாளின் வீதப்படிதான் அளிக்கும் என்பது பழைய விதி. அந்நாளின் கணக்குப்படி அவருக்குச் சேரவேண்டியது ஏறத்தாழ 42,000 பவுண். பவுண் விழுந்துகொண்டே போயிற்று. விசாரணை நாளில் அதே பிராங்குகளின் பெறுமதி ஏறத்தாழ 60,000 பவுண் ஆயிற்று. பழைய விதியைப் பின்பற்றினால், கடனை இழுத்தடித்தவனுக்கு 18,000 பவுண் ஆதாயம். நம்பிச் சரக்கனுப்பியவனுக்கு அவ்வளவும் நட்டம். 1960இல் தானே உறுதிசெய்த விதியைப் பிரபுக்கள் சபை 1975 நவம்பரில் தானே கைவிட்டு, அந்நிய நாணயத்திலேயே தீர்ப்பு வழங்கலாம் என்று விதித்தது. பவுணை மாறாத அளவுகோல் என்று கருதிய காலம் அன்றோடு முடிந்தது எனலாம்.

இவ்வழக்குகளையெல்லாம் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவருடைய கேள்விக்கு அவை விடையல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் வங்கியைக் குறை கூறவில்லை. 203 என்ற வாக்குறுதியைக் கொடுத்தவர் யார், அது பொய்த்தபோது அதற்குப் பொறுப்பாளி யார் என்றே அவர் கேட்டார்.

அன்பர்களே, நிலையான நாணயமாற்று வீதம் என்பது ஒரு வாக்குறுதியேயன்றி வேறொன்றன்று. “எந்நேரம் வந்தாலும் இந்த விலைக்கு டொலர் தருவேன்” என்று ஓர் அரசாங்கம் உலகுக்குச் சொல்கிறது. அவ்வாறு சொல்பவனின் பெட்டகத்தில் டொலர் இருக்கும்வரை அது வாக்குறுதி. பெட்டகம் வற்றிய பின்னும் அதே விலையைச் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு.

பெட்டகம் நிறைந்திருந்தால் இவ்வேற்பாடு நிலைக்கும் என்பதற்கு எங்கள் நாட்டுச் சரித்திரமே சான்று. 1884 மே மாதத்தில் ஓரியன்றல் வங்கி முறிந்தது. இலைநோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம். அவ்வங்கியின் நோட்டுகளோ நாடெங்கும் மக்கள் கையிலிருந்தன. அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பிணை என்று தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அறிவித்தார். அவ்வாண்டிலேயே சட்டமியற்றி, நோட்டு வெளியிடும் அதிகாரத்தை நாணய ஆணையாளர் சபையிடம் ஒப்படைத்தார்கள். வெளியிட்ட நோட்டுக்கு ஈடாகச் சபையிடம் நாணயமோ கடன்பத்திரமோ இருந்தாக வேண்டும். இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் ஒன்றுக்கொன்று சமமாக 1950 வரையில் நின்றது அவ்வேற்பாட்டினால். அதனை நான் புகழவில்லை. தேயிலையும் றப்பரும் உலகச் சந்தையில் விழுந்தால் நாட்டில் பணப்புழக்கமே சுருங்கிப்போகும். பட்டினி கிடந்தாலும் ஒரு நோட்டு அதிகமாக அச்சிட முடியாது. எங்கள் தலைவிதி இலண்டனிலும் பம்பாயிலும் எழுதப்பட்டது. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அந்தச் சபை இல்லாத பணத்தை இருப்பதாகச் சொல்லவில்லை.

1950 ஆகஸ்ட் 28ஆம் நாள் மத்திய வங்கி திறக்கப்பட்டது. முதல் ஆளுநர் அமெரிக்கரான ஜோன் எக்ஸ்ரர். ஈடில்லாமலும் ரூபா வெளியிடும் சுதந்திரம் அன்று எமக்குக் கிடைத்தது. அதே வேளையில் டொலருக்கு 4 ரூபா 76 சதம், பவுணுக்கு 13 ரூபா 33 சதம் என்ற நிலையான வீதத்தையும் காப்பாற்ற முயன்றோம். இவ்விரண்டும் ஒரே வீட்டில் நெடுங்காலம் குடியிருக்க மாட்டா. 1967 நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தனது பவுணை 2 டொலர் 80 சதத்திலிருந்து 2 டொலர் 40 சதத்துக்கு இறக்கியது. அடுத்த சில நாட்களில் இலங்கை அதற்கும் மேலாகச் சென்று, 4 ரூபா 76 சதமாயிருந்த டொலரை 5 ரூபா 95 சதமாக்கியது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ரூபாவின் பெறுமதி நூற்றுக்கு 20 இறக்கப்பட்டது என்று அரசாங்கம் சொல்லிற்று. அது உண்மையே. ஆனால் ஜப்பானுக்கு டொலரில் கடன்பட்டிருந்த வணிகனுக்கு 100 ரூபாக் கடன் 125 ரூபாவாயிற்று. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு 20. கீழேயிருந்து கொடுப்பவனுக்கு 25. 2022இல் 203 என்பது 360 ஆனபோதும் இதே கதைதான். ரூபா நூற்றுக்கு 44 இழந்தது என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் இயந்திர வியாபாரியின் கடனோ நூற்றுக்கு 77 ஏறிற்று. மதிப்பிறக்கச் செய்தியைப் படிக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்றொரு முறை வந்தது. டொலருக்கு இரு விலைகள் ஏற்பட்டன. அரிசி, மா போன்ற அத்தியாவசியப் பொருட்களுக்கு ஒரு விலை. ஏனைய இறக்குமதிகளுக்குச் சான்றிதழ் வாங்கிக் கூடுதல் விலை. புதிய ஏற்றுமதிகளைச் செய்தவருக்கு அந்தக் கூடுதல் விலை கிடைத்தது. தேயிலை, றப்பர், தெங்கு ஆகிய மூன்றுக்கும் பழைய குறைந்த விலைதான். சம்பாதித்த டொலரை மலிவாக ஒப்படைக்குமாறு அவற்றைப் பயிரிட்டவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். இதனை வரி என்று யாரும் அழைக்கவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் வரி என்று எழுதவுமில்லை. ஆனால் வரிதான் அது. 1977 நவம்பரில் இரு விலைகளையும் ஒன்றாக்கி, டொலர் ஏறத்தாழ 16 ரூபா என்று வைத்தபோதே அம்முறை ஒழிந்தது.

1977 என்றவுடன் இச்சபையிலுள்ள மூத்த கமக்காரரின் முகம் மாறுவதைக் காண்கிறேன். உங்களுக்கு நான் அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் நாட்டில் டொலர் இல்லை என்ற காரணத்தினால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டன; யாழ்ப்பாணத்துச் செம்மண் பொன் விளைத்தது. ஒருவனுடைய தட்டுப்பாடு இன்னொருவனுடைய செழிப்பாயிற்று. ரூபாவின் பெறுமதி விழுந்தால் இறக்குமதி விலை ஏறும், ஆதலால் உள்நாட்டுக் கமக்காரனுக்கு நன்மை என்று பொருளியல் நூல்கள் கூறும். 1977இல் ரூபா விழத்தான் செய்தது. ஆனால் அதே வேளையில் இறக்குமதிக் கதவும் திறந்துவிடப்பட்டது. நூல் கூறிய நன்மை எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. வீதம் மட்டும் ஒருவனைக் காப்பதுமில்லை, கெடுப்பதுமில்லை. அதனோடு சேர்த்து எந்தக் கதவு திறக்கிறது, எது அடைபடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

இனி 2021ஆம் ஆண்டுக்கு வருகிறேன். இடையில் 2001 ஜனவரியில் ரூபா மிதக்கவிடப்பட்டது. ஆயினும் அதைப் பிடித்து நிறுத்தும் ஆசை ஆட்சியாளரை விட்டுப் போகவில்லை. 2019 முடிவில் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி இருப்பு 760 கோடி டொலர் அளவில் இருந்தது. 2021 முடிவில் அது 310 கோடியாகக் குறைந்திருந்தது; அதிலும் ஏறத்தாழ 150 கோடி சீனத்துடன் செய்துகொண்ட நாணய மாற்று ஏற்பாட்டின் வழி வந்தது, கைவைக்க எளிதன்று. அதே காலத்தில் அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கியே வாங்கி, ரூபாவைப் பெருக்கிக்கொண்டிருந்தது. பெருகிய ரூபா பொருள் தேடிப் போயிற்று; பொருள் டொலர் தேடிப் போயிற்று; டொலரோ இல்லை.

கமக்காரருக்கு இதை வேறு விதமாகச் சொல்கிறேன். எங்கள் குடாநாட்டில் சுண்ணக்கல்லின் உள்ளே கடல்நீருக்கு மேலே நல்லநீர் ஒரு படையாக மிதக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மழை தருகிற அளவுக்கு இறைத்தால் கிணறு நல்லநீர் தரும். அதற்கு மேல் இயந்திரம் பூட்டி இறைத்தாலும் சில நாட்கள் நீர்மட்டம் குறைந்ததாகத் தோன்றாது. ஏனெனில் கீழேயிருந்து உப்புநீர் ஏறி வந்து நிரப்புகிறது. மட்டத்தைப் பார்த்து ஏமாந்தவன் தண்ணீரை வாயில் வைத்த பின்னர்தான் உண்மையை அறிவான். 203 என்பது அந்த நீர்மட்டம்.

விலையைப் பிடித்துவைத்தார்கள், பொருள் மறைந்தது. கப்பலிலிருந்து எரிவாயு இறக்கப் பணமில்லை, மருந்துக்குப் பணமில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். மண்ணின் நலம் என்றும் மக்களின் நலம் என்றும் காரணம் கூறினார்கள். டொலரை மிச்சம் பிடிக்கும் நோக்கமும் அதன் பின்னே நின்றது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக நெல் ஏற்கெனவே மஞ்சளித்திருந்தது. மண்ணெண்ணெய்க்குக் கமக்காரனும் கடற்றொழிலாளியும் இரவிரவாக வரிசையில் நின்றார்கள். பின்னர் 2022 ஆகஸ்ட்டில் அதே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. விலை ஏறாமல் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில், ஏறவேண்டிய விலை முழுவதையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் ஏழையின் தலையில் இறக்கினார்கள்.

இக்காலத்தில் வெளிநாட்டிலுள்ள எம்மவர் செய்தது என்ன? வங்கிக்கு அனுப்பினால் டொலருக்கு 203 ரூபாவும், 2021 டிசெம்பரில் அறிவித்த ஊக்கத்தொகையோடு சேர்த்து மேலும் 10 ரூபாவும் கிடைக்கும். உண்டியலில் அனுப்பினால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். கட்டார் வெயிலில் உழைப்பவனும் கனடாக் குளிரில் உழைப்பவனும் எந்த வழியைத் தேர்ந்தான் என்பதைப் புள்ளிவிபரமே சொல்கிறது: 2020இல் வங்கி வழியாக வந்த உழைப்புப் பணம் 710 கோடி டொலர்; 2021இல் 550 கோடி; 2022இல் 380 கோடி. தேசப்பற்றில்லாதவர்கள் என்று அவர்களை ஏசினார்கள். பருத்தித்துறையில் இருக்கும் தாய்க்கு மருந்து வாங்க அனுப்பும் பணத்தில், டொலருக்கு இத்தனை ரூபாவை அரசாங்கத்தின் பொய்விலைக்குக் காணிக்கையாகச் செலுத்து என்று ஒரு மகனைக் கேட்பது எந்தத் தர்மம்? வங்கி வழியே அனுப்பவேண்டும் என்பதே என் கட்சி. சட்டத்தொழிலில் இருப்பவன் வேறுவிதமாகச் சொல்லவும் முடியாது. ஆனால் அவர்களை அவ்வழியிலிருந்து விரட்டியது அந்த வீதம்தான்.

வணிகன் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி உலகெங்கும் உண்டு. மூன்று மாதத்தின் பின் எனக்கு 20,000 டொலர் வேண்டும், இன்றே விலையைப் பேசி முடிப்போம் என்று வங்கியுடன் முன்னொப்பந்தம் செய்துகொள்ளலாம். சிறிது கூடுதலாகக் கொடுக்கவேண்டி வரும். ஆனால் நித்திரை கொள்ளலாம். 2021 ஜனவரி 25 முதல் இவ்வகை ஒப்பந்தங்களைச் செய்யவேண்டாம் என்று மத்திய வங்கி வங்கிகளைப் பணித்தது. அந்த ஒப்பந்தங்களின் விலை எதிர்காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சமே காரணம் என்பது என் கருத்து. மழை வரும் என்று குடை காட்டிக்கொடுக்கிறது. ஆகவே குடை பிடிக்கலாகாது!

2022 மார்ச் 7ஆம் நாள் பிடி தளர்ந்தது. 230 ரூபா வரை விடுகிறோம் என்றார்கள். அம்மாத முடிவில் டொலர் 300 ரூபாவை அண்மித்தது. மே மாதத்தில் 360 ரூபா. ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு நிறுத்தியது. பயன்படுத்தக்கூடிய இருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று நிதி அமைச்சரே மே மாதத்தில் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 69.8 ஏறியிருந்தது.

இது எமது நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. தாய்லாந்தின் பாத் ஏறத்தாழ 25க்கு ஒரு டொலர் என்று ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது. அசையாது என்று நம்பிய கம்பனிகள், வட்டி குறைவு என்று டொலரிற் கடன் வாங்கி பாத் சம்பாதிக்கும் கட்டிடங்களைக் கட்டின. 1997 ஜூலை 2ஆம் நாள் பிடி விட்டது. 1998 ஜனவரியில் டொலர் 50 பாத்தைத் தாண்டிற்று. வீதம் ஆடிக்கொண்டிருந்தால் அக்கம்பனிகள் அஞ்சியிருக்கும். அசையாத வீதமே அவற்றின் அச்சத்தைப் போக்கிக் கெடுத்தது. மறுபுறத்தில் ஹொங்கொங் 1983 ஒக்டோபரிலிருந்து தன் டொலரை அமெரிக்க டொலருக்கு 7.80 என்ற அளவில் நிறுத்தி வைத்திருக்கிறது. அங்கே வெளியிடும் ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னால் அமெரிக்க டொலர் உண்டு. 1884இல் எங்கள் நாட்டில் ஏற்பட்ட சபையின் இனத்தைச் சேர்ந்த ஏற்பாடு அது. ஆகையால் நிலையான வீதமே தீது என்று வாதிப்பவன் அல்லன் நான். ஈடில்லாத நிலையான வீதம், கள்ள உறுதி எழுதிய காணியைப் போன்றது. வாங்கியவனுக்கு வேலியும் தெரியும், கிணறும் தெரியும். உரித்து மட்டும் இல்லை.

இப்பொழுது அந்த மனிதரின் கேள்விக்கு வருகிறேன். பொறுப்பாளி யார்? 2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம் இக்கேள்வியைத் தொட்டது. ஐவர் கொண்ட ஆயம். நால்வரின் பெரும்பான்மைத் தீர்ப்பு. முன்னாள் ஜனாதிபதி, முன்னாள் பிரதமர், முன்னாள் நிதி அமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் முதலானோர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்றும், அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமை அதனால் மீறப்பட்டது என்றும் நீதிமன்றம் கண்டது. வரிக் குறைப்பு, சர்வதேச நாணய நிதியத்தை நாடுவதில் தாமதம், 2022 ஜனவரியில் இருந்த டொலரில் 50 கோடியை எடுத்துப் பன்னாட்டுப் பிணைமுறிக்குச் செலுத்தியமை, ரூபாவை இறுக்கிப் பிடித்தமை எல்லாம் அவ்வழக்கிலே கேள்விக்குட்பட்டன.

சட்டத்தரணி என்ற முறையில் அத்தீர்ப்பை நான் வரவேற்றேன். மத்திய வங்கியின் முடிவு நிபுணர் விடயம், நீதிமன்றம் எட்டிப் பார்க்கலாகாது என்ற பழைய மதில் அன்று இடிந்தது. ஆனால் அத்தீர்ப்பின் முடிவுரையையும் படியுங்கள். மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா வழங்குமாறு உத்தரவு. நட்டஈடு இல்லை, அவர்கள் அதைக் கேட்கவுமில்லை. எங்கள் இயந்திர வியாபாரிக்கு நீதிமன்றம் சொன்னது இவ்வளவுதான்: நம்பியது உமது பிழையன்று. 31 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. பொதுச்சட்டம் குற்றத்தைக் கண்டது. தனியார் சட்டம் கடனை அறவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பாலம் போடப்படவேண்டும் என்பதே பாராளுமன்றத்தில் இருப்போரிடம் நான் விடுக்கும் கோரிக்கை. அரசாங்கம் ஒரு வீதத்தைப் பகிரங்கமாகப் பிடித்துவைக்குமாயின், கையிலுள்ள பயன்படுத்தக்கூடிய இருப்பு எவ்வளவு என்பதையும் கிழமைதோறும் அதே பகிரங்கத்தோடு வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்தவேண்டும். மறைத்தால் மறைத்தவர் சொந்தப் பொறுப்பேற்கவேண்டும். காணி விற்பவன் அடைமானத்தை மறைத்தால் விடுவோமா?

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை நேரடியாக வாங்கிப் பணம் பெருக்கும் வழியை அது அடைத்தது. விலைவாசி உறுதியே முதல் நோக்கம், வீதம் நெகிழ்ந்து செல்லட்டும் என்பது அச்சட்டத்தின் போக்கு. நெகிழும் வீதத்தில் தினமும் சிறு சிறு காயம் படும். அதை நான் ஏற்கிறேன். ஆனால் காயம் படும்போதே தெரியும். சட்டம் இருக்கிறது என்பதற்காக உறங்கிவிடவும் முடியாது. 1949ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்திலும் நல்ல வாசகங்கள் பல இருந்தன.

ஆகவே உங்கள் பாதுகாப்பை உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூலிக்குக் கிணறு வெட்டுபவனோடும் கல் வந்தால் என்ன விலை என்று பேசிக்கொள்ளும் ஊர் எங்கள் ஊர். வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டும் ஏன் வாயடைத்து நிற்கிறோம்? நண்டு ஏற்றுமதி செய்வோரே, டொலரில் விற்று டொலரில் ஐஸ் பெட்டிக்கும் கப்பற் கூலிக்கும் கொடுப்பீர்களாயின் உங்கள் ஆபத்து பாதியாகக் குறையும். ரூபாவில் வருமானம் உள்ளவர்கள், வட்டி குறைவென்று எவர் ஆசை காட்டினாலும் டொலரிற் கடன் வாங்காதீர்கள். தவணைக்கு விற்போரும் வாங்குவோரும் வீதம் மாறினால் என்ன என்பதை ஒரு வரியிலாவது எழுதுங்கள். எழுதாவிட்டால் 1951இன் விதி உங்களுக்காகப் பேசும், அது எப்படிப் பேசும் என்பதைச் சொல்லிவிட்டேன்.

அந்த வியாபாரியின் கதை என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். வங்கி ஓராண்டு அவகாசம் கொடுத்தது. அவர் மனைவியின் சீதனக் காணியில் நான்கு பரப்பு விற்றுக் கடனைத் தீர்த்தார். இயந்திரம் வாங்கிய கமக்காரருள் சிலர், சட்டப்படி ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லாதிருந்தும், வெங்காயம் கிண்டிய கையோடு வந்து தங்களாலியன்றதைக் கொடுத்தார்கள். அவர் இன்றும் இயந்திரம் விற்கிறார். அவருக்காக நான் எழுதிக்கொடுத்த நிபந்தனையை இங்கே வாசிக்கிறேன்:

“இவ்விலை, ஒப்பமிட்ட நாளில் மத்திய வங்கி வெளியிட்ட டொலர் விற்பனை வீதத்தை அடிப்படையாகக் கொண்டது. தவணை செலுத்தும் நாளில் அவ்வீதம் நூற்றுக்கு 5க்கு மேல் ஏறியோ இறங்கியோ இருப்பின், அந்த 5க்கு மேற்பட்ட வேறுபாட்டினை விற்பவரும் வாங்குபவரும் சரிபாதியாக ஏற்றுக்கொள்வர்.”

இறங்கினால் கமக்காரனுக்குப் பாதி திரும்பக் கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். அதை எழுத அவர் முதலில் தயங்கினார், பின்னர் இணங்கினார். பிரதிகள் சில கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் கூட்டம் கலைந்த பின்னர் வாசலிலுள்ள மேசையில் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் ஒப்பந்தக் கடதாசிகளையும் கொண்டுவந்தவர்கள் இருந்தால் சிறிது நேரம் காத்திருங்கள். இருந்து பார்த்துவிட்டே போவேன்.